மாடியறைக்கு வந்த கடிதம்

நான் ரொறொன்ரோவுக்கு வந்த இரண்டாவது சனிக்கிழமை, என் கணவர் என்னை ஒரு பிரேசில் சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது நாங்கள் பார்க்டேலில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தோம். தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் போய், மாறி ஏறி, போர்த்துக்கேயரும் பிரேசில்காரரும் கடை வைத்திருந்த தெருவில் இறங்கினோம். ஒரு கடையில் கருவாட்டைப் பலகை மாதிரி அடுக்கியிருந்தார்கள். அடுத்த கடையின் கண்ணாடிக்குள் முழு முயல் தொங்கியது. எதிரே முடிவெட்டும் கடையில் ரேடியோ அலறியது. அவர் ஒன்றையும் பாராமல் விறுவிறென்று நடந்தார். கல்யாணமாகி எட்டு மாதம்தான் சேர்ந்து இருந்தோம். பிறகு அவர் கனடா வந்துவிட, நாலு வருடம் நான் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தேன். அவருடைய நடைகூட எனக்குப் புதிதாக இருந்தது.

கடையில் ஆறு மேசைகள்தான். உள்ளே போனதும், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சமையலறையிலிருந்து வந்து, அவரை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். கனத்த உடம்பு, முழங்காலில் துணிப்பட்டி. பிறகு எனக்கும் முத்தம் தந்தார்.

"இவதான் நான் இந்தக் கடைக்கு மேலை அறையிலை வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி," என்றார் கணவர். வேறொன்றும் சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. அதற்குக் காரணம் இருந்தது. நான் கொழும்பில் இருந்த மூன்றாம் வருடம், கனடாவிலிருந்து வந்த ஒருவர் என் அன்ரியிடம் ஒரு கதை சொல்லிவிட்டுப் போனார். "உங்கடை பிள்ளையின்ரை மனிசன் எங்கடை சனத்தோடை சேர்றதில்லை. ஒரு வெள்ளைக்காரி வீட்டிலை இருக்கிறார். அவள்தான் சமைச்சுக் குடுக்கிறாள்." அன்றே நான் கடிதம் எழுதினேன். அங்கே ஒரு குடும்பம் இருந்தால் என்னை விட்டுவிடுங்கள், அவள் கையால் சாப்பிடும் வாயால் என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். அதைவிட மோசமாகவும் எழுதினேன். அவரிடமிருந்து நாலு வரியில் பதில் வந்தது. அப்படி ஒன்றும் இல்லை, நான் நல்ல சுகம், வேலை போகுது. அந்த நாலு வரியையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, நாலு மாதம் நான் எழுதவே இல்லை. பிறகு விசாப் பத்திரங்கள் வந்தன. இருவரும் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்ப எழுதத் தொடங்கினோம்.

அந்த வெள்ளைக்காரி இப்போது என் முன்னால் நின்று, எனக்குக் கதிரையை இழுத்துவிட்டார்.

கேட்காமலே கணவருக்கு ஒரு பெரிய கோப்பை வந்தது. கறுப்பு பீன்ஸ், அதற்குள் இறைச்சித் துண்டுகள்.

"உது என்ன இறைச்சி?"

"எல்லாம் கிடக்கு. மாடும் கிடக்கு," என்றார். எங்கள் வீட்டில் மீன்கூடச் சேர்ப்பதில்லை. அது தெரிந்தும் அவர் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். அவர் அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனார். சோறு, இறைச்சி போடாமல் வேறாகக் காய்ச்சிய பீன்ஸ், நூலாக அரிந்து உள்ளி போட்டு வதக்கிய கீரை, வறுத்த மரவள்ளி மா, தோடம்பழத் துண்டு எல்லாம் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிட மாட்டேன் என்றுதான் மனதில் நினைத்திருந்தேன். ஆனால் கீரை எங்கள் வறை மாதிரியே இருந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

கணவருக்கு இரண்டு வேலை. பகல் முழுக்க நான் தனியே. ஒரு மாதம் போனதும் அந்தக் கடைக்கு நானாகவே போகத் தொடங்கினேன். மரவள்ளி மாவும் சீஸும் சேர்த்துச் சுடும் சின்ன உருண்டைப் பாண் ஒன்று அங்கே உண்டு. மேலே மொறுமொறுவென்றிருக்கும், பிய்த்தால் உள்ளே இழுபடும். சூட்டோடு இரண்டு தின்றுவிட்டு, சின்னக் கோப்பையில் கோப்பி குடிப்பேன். அந்த நகரத்தில் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். கடையில் சனம் குறைந்தால் வந்து பக்கத்தில் இருப்பார். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். மிச்சத்தைக் கையால் கதைப்போம்.

அப்படி ஒரு நாள், அவர் மாடிப்படியைக் காட்டிச் சொன்னார்.

"ஒரு கடிதம் வந்தது. உன் மனிசன் அந்தப் படியில் இருந்து படித்தான். பிறகு மேலே போய்க் கதவைப் பூட்டிவிட்டான். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நான் சூப் கொண்டுபோய்க் கதவடியில் வைப்பேன். அப்படியே இருக்கும். இந்த முழங்காலோடு எத்தனை தரம் ஏறினேன். நாலாம் நாள் கதவைத் திறந்தான், நான்தான் ஊட்டிவிட்டேன்." அவர் என் கையைப் பிடித்தார். "செத்தது யார்? நான் கேட்டேன், அவன் சொல்லவில்லை. அம்மாவா?"

"எனக்குத் தெரியாது," என்றேன்.

வீட்டுக்கு வந்து, கணவர் வேலையால் வந்ததும் சோறு போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கிழமை அப்படியே போயிற்று. இனிமேல் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது என்று தெரிந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் சொன்னேன்.

"அந்தக் கடிதம் நான் எழுதியது. ஒருவரும் சாகவில்லை."

"ஏன்?" என்றார்.

அதைச் சொல்லும் அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. அவரைச் சுட்டிக் காட்டினேன். மாடியைக் காட்டினேன். "ஆட்கள் சொன்னார்கள். நீங்களும் அவரும்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் ஒரு தரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்கு அவன் வயதில் மகன் இருக்கிறான்," என்று சொல்லிவிட்டு, எழுந்து கோப்பி மெஷின் பக்கம் போய்விட்டார்.

அடுத்த தரம் போனபோது தட்டு நிறையத்தான் சாப்பாடு வந்தது. ஆனால் அவர் வந்து பக்கத்தில் இருக்கவில்லை. போகும்போது முத்தமும் இல்லை. நான் போவதை நிறுத்திக்கொண்டேன்.

கணவர் அதைக் கவனித்திருக்கிறார். ஒரு ஞாயிறு காலை சேர்ட்டுக்கு அயன் போட்டபடி கேட்டார்.

"ஏன் இப்ப கடைப்பக்கம் போறேல்லை?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவவுக்கு ஏன் சொன்னனீர்?"

"ஆர் செத்தது எண்டு கேட்டா. எப்பிடி நான் பேசாமல் இருக்கிறது?"

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே நீர்."

"என்னத்தை?"

"பிழை விட்டிட்டன் எண்டு."

அது உண்மை. விமான நிலையத்தில் சொல்லவில்லை. கடையில் அந்த அம்மாவைக் கண்ட அன்றும் சொல்லவில்லை. அவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனதே நானாக அதைச் சொல்லட்டும் என்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பிழை விட்டிட்டன்," என்றேன்.

"ம்," என்றார். சேர்ட்டைத் திருப்பிப் போட்டு மற்றக் கையை அயன் பண்ணினார். "காயிதம்கூடப் பரவாயில்லை. பிறகு நாலு மாசம் நீர் ஒண்டும் எழுதேல்லை பாரும், அதுதான்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

அடுத்த வருடம் ஸ்காபரோவுக்கு வீடு மாறினோம். மகள் பிறந்தபோது அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்து ஏதோ பாடினார். என்னிடம் மரியாதையாகச் சுகம் விசாரித்தார். நான் நன்றி சொன்னேன். இருவரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கதைத்தோம்.

மகளுக்கு இரண்டு வயதாகும்போது அந்த அம்மா கடையை விற்றுவிட்டு ஒரேயடியாகப் பிரேசிலுக்கு மகனிடம் போனார். விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் என் கணவர். "நீரும் வாருமன்," என்று கூப்பிட்டார். பிள்ளைக்கு மேல் சுடுகிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். கொஞ்சம் சுட்டதுதான். போயிருக்கலாம்.