வில்ஃப் கொட்டிய மை

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று எங்கள் ஊரான பர்ன்லியில் சுவர்க்காகிதம் விற்கும் கடைகள் மூன்று என் பெயரில் நிற்கின்றன. எங்கள் தெருப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைவதுகூட என் கடையின் பழைய மாதிரிப் புத்தகங்களில்தான். அந்தத் தாளின் பின்பக்கத்துக் கெட்டியை எந்த அரசாங்கமும் கொடுக்காது. ஆனால் இது என் கதையில்லை. அங்கே கூட்டித் துடைக்கும் வில்ஃப் பாரக்ளஃபின் கதை.

வில்ஃபுக்கு அழுக்கு என்றால் ஜென்மப் பகை. டீச்சர் மிஸ் ஹோவர்த்தோ கரித்துண்டு, மெழுகு, வெங்காயச் சருகு, கோழியிறகு என்று கண்டதையும் கொடுத்து வரையச் சொல்பவள். நோட்டில் அழிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது, தப்பும் அப்படியே இருக்கட்டும் என்பது அவள் சட்டம்.

கெசையா என்ற ஏழு வயதுக்காரி, துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாளி வினிகரிலும் தேநீரிலும் மூன்று வாரம் ஊறப்போட்டுக் கருப்பு மை தயாரித்திருந்தாள். வெள்ளிக்கிழமை பெற்றோர் நோட்டுகளைப் பார்க்க வரும் நாள். அந்த மைக்கென்றே நடுவில் இரண்டு பக்கம் காலியாக விட்டிருந்தாள்.

வியாழன் காலை வில்ஃப் வாளியைப் பார்த்தான். கருப்புத் தண்ணீர், நாற்றம் வேறு. கொட்டினான். வாளியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றான்.

"என் மை எங்க?"

"மையா? அது அழுக்குத் தண்ணி, கண்ணு. வாளியைப் பாரு, எப்படி மின்னுது!"

"மூணு வாரம், மிஸ்டர் வில்ஃப்!"

அதோடு அவனோடு டூ விட்டுவிட்டாள். வகுப்பே அவள் கட்சி. இவன் குட்மார்னிங் சொன்னால் இருபத்தெட்டு முகங்கள் ஜன்னல் பக்கம் திரும்பின.

மாலையில் என் கடைக்கு ஓடிவந்தான்.

"கிளிஃப், கருப்பு மை இருக்கா?"

"பெயிண்ட் இருக்கு. கருப்புலயே ஏழு தினுசு."

"கடைச் சரக்கைத் தொடமாட்டாளாம். துருவுலதான் வேணுமாம். டீச்சர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கா."

"ஏழு வயசுப் பொண்ணுக்கு இப்படி நடுங்குறியே, வெக்கமா இல்ல?"

"அவ பார்க்குற பார்வையை நீ வந்து வாங்கிப் பாரு, அப்புறம் பேசு."

"துரு வேணும்னா அலைவானேன்? உன் பள்ளிக்கூடத்துல வெந்நீர் ஓடுற ரேடியேட்டர் எல்லாம் எங்கப்பன் காலத்து இரும்பு. உள்ள என்ன பன்னீரா ஓடுது?"

யோசனை என்னுடையதுதான். அவன் இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

வெள்ளி காலை, வகுப்பைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகைச் சின்னச் சாவியால் திறந்தான். முதலில் புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு ஜாம் ஜாடிக்குள் கன்னங்கரேலென்று தண்ணீர் பீய்ச்சியடித்தது. கெசையா இறகைத் தோய்த்துக் கோடு இழுத்தாள். நடுவில் கருப்பு, ஓரத்தில் பழுப்பு. அவ்வளவுதான், இருபத்தெட்டு ஜாடிகள் நீண்டன. வில்ஃப் ஒவ்வொரு ரேடியேட்டராகத் திறந்துகொண்டே போனான். பதினொரு மணிக்குத் தண்ணீர் போதாமல், அவற்றுக்கு வெந்நீர் அனுப்பும் பாய்லர் நின்றுவிட்டது.

இரண்டு மணிக்கு வந்த பெற்றோர்கள் கோட்டும் மஃப்ளருமாக உட்கார்ந்து, விறைத்த விரல்களால் நோட்டைப் புரட்டினார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. கெசையா மட்டும் இன்னும் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு மழையில் நனைந்த ஆடு ஒன்று.

தலைமையாசிரியை மிஸஸ் கிராப்ட்ரீ வில்ஃபை மடக்கினார். "பாய்லருக்கு என்ன ஆச்சு? ஏன் இப்படிக் குளிருது?"

வில்ஃப் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மிஸ்டர் வில்ஃப், ஆட்டுக்கு இன்னும் ரெண்டு கால் பாக்கி. மை தீர்ந்துபோச்சு."

"ஒரு நிமிஷம், மேடம்," என்று சாவியை எடுத்தான் வில்ஃப். "ஆறாம் நம்பர் ரேடியேட்டரை இன்னும் திறக்கல, கண்ணு. ஜாடியை எடுத்துட்டு வா."