ஒழுகல் நின்ற டிரம்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில், தோல் ஊறிச் சுழலும் பெரிய மர டிரம்களைக் கவனித்துக்கொண்ட ஜியாவுல்லாவுக்குத் தன் கைக்கணக்கின்மேல் தலைகொள்ளாத பெருமை. ஆனால் 1974 பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

அந்த வருஷம் ஒரு டிரம்மில் பலகை விட்டுப்போய், தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்புத் தண்ணீர் ஒழுகியது. அதை ஈடுகட்ட அவர் இரண்டு மடங்கு குரோம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் தச்சர் வந்து ஓட்டையை அடைத்துவிட்டுப் போனார். இவர் கைதான் பழக்கதோஷத்தில் அதே இரண்டு மடங்கைக் கொட்டியது. இருநூறு ஆட்டுத்தோல் சொரசொரத்து, மடித்த இடத்தில் வெடித்தது. முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டியதோடு, ஆறு மாதம் அவரை டிரம் பக்கமே விடவில்லை.

சில வருஷத்தில் ஆஸ்துமா என்கிற இளைப்பு நோய் வந்து சேர்ந்தது. டாக்டர் ராஜகோபால் தினம் இரண்டு வெள்ளை மாத்திரை எழுதினார். ஸ்டீராய்டு. அளவு மீறினால் எலும்பு உளுத்துப்போகும், இடுப்புக்குத்தான் முதல் ஆபத்து என்று எச்சரித்தார். ஜியாவுல்லாவுக்கு அதை விளக்க வேண்டியதேயில்லை. தொழிற்சாலை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஆபித் பாஷா, சந்தையில் யாரோ விற்ற இளைப்புப் பொடியை வருஷக்கணக்கில் தின்றவர். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது தெரிவதற்குள் இரண்டு இடுப்பும் போய்விட்டன. தடி இல்லாமல் எழ முடியாது. நிற்க முடியாதவனுக்கு டிரம்மடியில் என்ன வேலை?

1983இல் காசநோயும் வந்தது. வேறு ஊரில் ஒரு கிளினிக்கில் சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில், அடங்கியிருந்த இளைப்பு மறுபடி தலைதூக்கியது. ராஜகோபாலிடம் போய்ச் சிவப்பு மாத்திரையைக் காட்டினார். அவர் சிரித்தார்.

"மாத்திரைய ஒடச்சு வெளிய தள்றது ஈரல்தான், பாய். செவப்பு மாத்திரை அந்த ஈரல முடுக்கி விட்ருச்சு. வெள்ளை உள்ள வந்ததும் ஒடச்சுத் தள்ளிடுது. அதான் ரெண்டு பத்தல. நாலா போடுங்க."

"டிரம் ஒழுகுதுன்னு சொல்லுங்க சார்," என்றார் ஜியாவுல்லா.

நான்காக்கியதும் மூச்சு சரியாகிவிட்டது. ஒன்பதாம் மாதம், நோய் போய்விட்டது, சிவப்பு மாத்திரை இனி வேண்டாம் என்று கிளினிக்கில் அனுப்பிவிட்டார்கள். மனைவி அஃப்ஸர் ஜஹான் பிரியாணி ஆக்கித் தெருவுக்கே கொடுத்தாள். ராஜகோபாலிடம் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. மருந்துக் கடைக்காரர் பழைய சீட்டைப் பார்த்து நாலு நாலாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரம் போனது. ஒரு காலையில் அஃப்ஸர் ஜஹான் நான்கு மாத்திரையை நீட்டியபடி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாங்க, மொகம் இப்டி உப்பிக்கினு இருக்குது? பிரியாணி ஜாஸ்தியா?"

ஜியாவுல்லா அவள் உள்ளங்கையைப் பார்த்தார். நான்கு. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அல்லா! ஓட்டைய அடச்சு மூணு வாரம் ஆச்சு. நான் இன்னும் ரெண்டு மடங்கு கொட்டிக்கினு இருக்கேன்!"

"எந்த டிரம்ல?"

"இந்த டிரம்ல!" என்று தன் விலாவைத் தட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரிடம் வரிசையில் நிற்கக்கூடப் பொறுமையில்லை. "சார், செவப்பு நின்னுபோச்சு. வெள்ளை மட்டும் ஏன் இன்னும் நாலு?"

ராஜகோபால் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப நின்னுச்சு? நானே கேட்டிருக்கணும். தப்பு என்னுது."

"இன்னியோட மொத்தமா நிறுத்திடட்டுமா?"

"ஐயையோ, அது இன்னும் ஆபத்து. ஒடம்பு பழகிடுச்சு. படிப்படியாதான் கொறைக்கணும். வெள்ளை ஏன் இன்னும் நாலுன்னு எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல, பாய்."

மூன்றே மாதத்தில் நான்கு இரண்டானது, முகமும் பழையபடி வற்றியது. அடுத்த வருஷம் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒரு குறையும் இல்லை. ஜியாவுல்லா அந்தப் படத்தைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஊரெல்லாம் காட்டினார். ஆபித் பாஷா அதை வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் இப்டி ஒரு டிரம் ஒழுகியிருக்கலாம்டா," என்றார்.

பின்னால் வந்த முதலாளி வழக்கம்போல வம்புக்கிழுத்தார். "இன்னா ஜியாவுல்லா, அந்த இருநூறு தோலு ஞாபகம் இருக்கா?"

பத்து வருஷத்தில் முதல்முறையாக ஜியாவுல்லா முகம் சுருங்கவில்லை. "இல்லாம? அதாலதான் இப்ப நின்னுக்கினு இருக்கேன், சேட்டு," என்று சொல்லிவிட்டு, டிரம்மைப் பார்க்க விடுவிடுவென்று நடந்தார்.