அதிராத பெட்டி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் நைனாவின் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று கிடந்தது. மற்றதெல்லாம் விற்றுப் போயிருந்தது. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா வெகுகாலம் மைக்செட் வைத்திருந்தவர். செஞ்சியைச் சுற்றி அவர் பாட்டுப் போடாத கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, சாவும் இல்லை. கடைசியில் அவருடைய காதுதான் போனது. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று நின்று முதலில் ஒரு காது, பிறகு இன்னொன்று. முகாமில் கொடுத்த காது மெஷின் விசிலடிக்கிறது என்று கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார்.

காது கேட்காதவரோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கத்திக் கத்தி அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். எனக்கோ பொறுமை பிறவியிலேயே கிடையாது. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும்போது எரிச்சல் வந்துவிடும். குரல் அவருக்குக் கேட்காது, முகம் தெரியுமே. அதனால் அவர் "இன்னா" என்று கேட்பதையே விட்டுவிட்டார். டிவி பார்த்து நாங்கள் சிரித்தால் எங்கள் வாயைப் பார்ப்பார். பிறகு எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். வர வர, சோற்றையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னார். உயிரோடு இருக்கிற மனுஷர் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் வாங்கிய பழைய ஹோம் தியேட்டரில் பேஸ் சத்தம் தரும் ஊஃபர் புகைந்து போனது. எனக்குக் கொட்டகைப் பெட்டி ஞாபகம் வந்தது. அதைவிட நைனாவின் கை ஞாபகம் வந்தது. திருவிழாக் கூச்சலில் அவர் காதை நம்பமாட்டார். பெட்டிக்குப் பின்னால் போய்ப் பலகையில் உள்ளங்கையை வைப்பார். கை சிலிர்த்தால் தலையாட்டுவார், இல்லையென்றால் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பார். சின்ன வயதில் நானும் அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்திருக்கிறேன். காது போனால் போகட்டும், கை இருக்கிறதே. ஒரு படமாவது எங்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டால் மனுஷர் வீட்டுக்குள் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அம்மா குறுக்கே நின்றாள். "சாவு ஊட்டுக்குப் போன பொட்டிடி அது. வாசப்படி தாண்டக் கூடாது. உங்க நைனாவே தாண்ட வுட்டதில்ல."

உண்மைதான். மைக்செட்காரர்கள் வீட்டில் அது சட்டம். சாவுக்குப் போய் வந்த பெட்டியைத் துடைத்து, சூடம் காட்டி, கொட்டகையோடு நிறுத்திவிடுவார்கள்.

"செத்தவங்களுக்குப் பாடுச்சி, அவ்ளோதானே. அதுவா செத்துப்போச்சி?" என்றேன். அம்மா முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

பெட்டியின் நிலைமை பரிதாபம். அடிப்பலகை மழைத்தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை எலி தின்றிருந்தது. காந்தம் மட்டும் நன்றாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கடையில் கொடுத்துப் புதுக் காயிலும் புதுக் கூம்பும் போட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரர் ஜென்மத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடித்ததில்லை. போனில் வீடியோ பார்த்தே பெரிய இன்ஜினியராகிவிட்டார்.

"பொட்டி ஆடவே கூடாது. பலக அதிர்ந்தா சத்தம் கெட்டுப்பூடும். உள்ள குறுக்குச் சட்டம் அடி, கீழ ரப்பர் வெய்யி" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மரத்தூளைப் பசையில் குழைத்து விரிசலையெல்லாம் அடைத்தேன். அடிப்பலகையை மாற்றினேன். உள்ளே சட்டங்களை நெருக்கி அடித்து, பழைய மெத்தைப் பஞ்சை ஒட்டினேன். அடியில் ரப்பர் கால் வைத்தேன். நான் தையல்காரி, ரெக்சின் வெட்டுவது எனக்கு ஜாக்கெட் வெட்டுகிற மாதிரி. ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டினேன்.

நான் வேலை செய்யும்போதெல்லாம் நைனா பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பேச்சும் வந்தது.

"பனமலைல ஒரு கல்யாணம். மழ கொட்டுது. நான் நனைஞ்சிகினு, பொட்டிக்குத் தார்ப்பாய் போட்டேன்" என்பார். என் பதில் அவருக்குத் தேவைப்படவில்லை. சாப்பிடவும் வீட்டுக்குள்ளேயே வந்தார். அம்மா அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு காப்பி கொண்டுவருவாள். நான் முந்தானையால் பிடித்து வாங்குவேன். நைனா வெறுங்கையால் வாங்கிக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார்.

"உங்க நைனாவுக்கு இன்னா கையா, தகரமா?" என்பாள் அம்மா. நாங்கள் சிரிப்போம். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை உள்ளே தூக்கி வந்தோம். அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சூடம் ஏற்றினாள். சண்டைப் படம் ஒன்றைப் போட்டோம். சத்தம் கனமாக, சுத்தமாக வந்தது. என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். நைனா கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிமேல் நடுவில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கம் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். கையை மாற்றி வைத்தார்.

"போடும்மா" என்றார்.

ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று கை காட்டினேன். அவர் டிவியைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். "கையும் செவுடாயிடுச்சா?" என்று கேட்டார். காது கேளாதவர்கள் பேசும் அந்த உரத்த குரலில் அது வீடு முழுக்கக் கேட்டது.

நானும் பலகையில் கை வைத்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது. பாறை மாதிரி இறுக்கி வைத்திருந்தேனே, எப்படி அதிரும்? யாருக்காகச் செய்தேனோ அவருக்கு வேண்டியதையே பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறேன். என்னை நானே திட்டிக்கொண்டேன். விரல்களைக் குறுக்கே வைத்துக் காட்டி, ரப்பரைத் தொட்டுக் காட்டி, அவருக்கு விளங்க வைத்தேன்.

"அடிப்பாவி, பொணத்தக் கட்டறாப்ல கட்டி வெச்சிருக்கியே. எல்லாத்தயும் புடுங்கு" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மறுநாள் உளியை எடுத்தேன். "நல்லா இருந்த பொட்டிய நாசம் பண்றியே" என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க சும்மா இருங்க" என்றேன். சட்டங்களைப் பெயர்த்தேன், பஞ்சை உரித்தேன், ரப்பரைக் கழற்றினேன். பின்பலகை ஸ்க்ரூவைக்கூடக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.

சாயங்காலம் அதே சண்டையைப் போட்டேன். அடுக்களையில் பாத்திரமெல்லாம் கிணுகிணுத்தது. சிமெண்டுத் தரையில் என் கால் கூசியது. அம்மா ஓடிப்போய்த் தட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். நைனா முன்பு போலவே கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிமேல் நடுவில் வைத்தார். கண்ணை மூடிப் பலகையில் கை வைத்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

அவர் கையை ஒட்டி என் கையை வைத்தேன். முழங்கை வரைக்கும் எனக்கு அதிர்ந்தது. அப்போதுதான் அந்தக் காப்பி டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷமாகிறது. காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருப்பார். நாங்களும் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கையை யாரும் நினைக்கவில்லை. சுடுகிற டம்ளரை அவர் பிடித்தபோதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன்.

பெட்டிமேல் கண்ணாடி நடுங்கி நடுங்கி நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. விழுவதற்குள் பிடித்துக்கொண்டு, மறு கையால் படத்தை நிறுத்தினேன். நைனா கண்ணைத் திறந்தார்.

"போட்டுட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். இன்னும் சரியாகவில்லை என்று கையை விரித்துக் காட்டினேன்.

அவர் பெட்டியின் நடுவைப் பார்த்தார். என் கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியை வாங்கித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா. ரெடியானா கூப்புடு" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனார்.

அன்றைக்கு அம்மா சோற்றை அங்கேயே எடுத்துக்கொண்டு போனாள்.