காது கழுவும் கை

"...அதுவும் இல்லாம, உங்களைக் கண்டாலே அது கட்டிலுக்கு அடியில போய் ஒளியுது அக்கா. எங்களோட தங்கவயலுக்கு வந்துட்டா அதுக்கும் நிம்மதி, உங்களுக்கும் ஒரு வேலை குறையும்" என்று சொல்லி முடித்தாள் என் ஓர்ப்படி.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருப்பேன். அவள் பாட்டுக்குத் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, ஊறுகாய் ஜாடியை எடுத்துப் போகட்டுமா என்று கேட்கிற குரலில், என் நாயைக் கேட்டாள்.

கொழுந்தனாருக்குத் தங்கவயல் சுரங்க ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை ரயிலில் புறப்படுகிறார்கள். தனிக்குடித்தனம். பாத்திரம், பாய், ஆட்டுக்கல் என்று எல்லாவற்றையும் மாமியார் பங்கிட்டுக் கொடுத்தாயிற்று. நாயைப் பற்றி யாரும் பேசவில்லை. அது என்னுடையது, பேச என்ன இருக்கிறது என்று நான் இருந்துவிட்டேன்.

என் மாமனார் தண்டுப் பக்கம் ஒரு துரை வீட்டில் பட்லர். கண்டோன்மெண்டைத் தண்டு என்றுதான் நாங்கள் சொல்வோம். அந்தத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது, துரைசானி அழுதுகொண்டே இந்த நாயை மாமனார் கையில் கொடுத்து அனுப்பினாள். முயல் நிறம். காது இரண்டும் சீலைத் துண்டு மாதிரித் தரையைத் தொடும். ஓர்ப்படி அப்போது இந்த வீட்டுக்கு மருமகளாக வரவில்லை. அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் ஜட்காவை விட்டு இறங்கினதும், அது யாரையும் பார்க்காமல் நேரே வந்து என் காலடியில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், "இது போன ஜன்மத்துல உன் வயித்துல பொறந்திருக்கும்டி" என்றாள். அந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மனிதர்கள் போகிறபோக்கில் சொல்கிற வார்த்தைகள் எனக்கு நகை மாதிரி. பள்ளிக்கூடம் போகாதவளுக்கு வேறு என்ன சொத்து?

மழைக்காலம் வந்ததும் நாய் தலையைத் தலையை உதற ஆரம்பித்தது. பின்னங்காலால் காதைப் பிராண்டும். பிராண்டிவிட்டு, ஐயோ என்கிற மாதிரி முனகும். காது மடலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிவந்து, பழுப்பாகச் சீழ், ஒரு புளித்த நாற்றம். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மாடும் குதிரையும் நிற்கிற இடத்தில் மடியில் நாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒரு வண்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. தொங்குகிற காது உள்ள நாய்களுக்கெல்லாம் இது வரும், காற்றுப் போகாத இடத்தில் ஈரம் தங்கிவிடுகிறது என்று கன்னடமும் தமிழுமாக விளக்கினார். காதுக்குள்ளிருக்கிற மயிரைக் கத்தரித்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் போரிக் பவுடர் கரைத்து, பஞ்சால் தினமும் கழுவ வேண்டும். கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம். சொட்டு ஈரம் உள்ளே நின்றாலும் பலனில்லை. விட்டுவிட்டால் சீழ் உள்காதுக்கு இறங்கிவிடும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துபோய், பிறகு காதும் கேட்காது என்றார்.

எங்கள் வீட்டில் மருந்து என்றால் பெரிய மருமகள்தான். மாமியார் போட்டுவைத்த சட்டம். பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பது, மாமனார் முதுகுக்குத் தைலம் தேய்ப்பது, அடுத்த வீட்டுப் பூனை காதைச் சொறிந்தால் தேங்காயெண்ணெய் விட்டு அழுக்கெடுப்பது, எல்லாம் நான். அதோடு சமையலும் நான்தான். நாயைத் தொட்ட கையோடு அடுப்பங்கரைக்குள் நுழையக்கூடாது என்பது இன்னொரு சட்டம். ஆகவே காதைக் கழுவி முடித்ததும் நான் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு உலை வைக்க வேண்டும். நாய் உடம்பை உதறிக்கொண்டு, அவமானப்பட்ட முகத்தோடு பின்வாசல் படியில் நிற்கும். அங்கே ஓர்ப்படி துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். அவளுக்கு அடுப்படி வேலை கிடையாது. உட்கார்ந்து அதன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, பேக்கரி ரஸ்க்கை உடைத்து உடைத்து ஊட்டுவாள்.

நான் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டே இதைப் பார்ப்பேன். தலையில் ஊற்றின தண்ணீர் குளிர்ந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

போகப்போக என் மெட்டிச் சத்தம் கேட்டாலே நாய் கட்டிலுக்கு அடியில். போரிக் தண்ணீர் வைக்கிற பித்தளைக் கிண்ணத்தை வேறு எதற்காக எடுத்தாலும் கட்டிலுக்கு அடியில். இரவில் அவள் காலடியில் சுருண்டு படுத்தது. பால்காரர் ஒருநாள், "சின்னம்மா ஊருக்குப் போயிருந்தப்ப இந்த நாய் பாலையே மோந்து பாக்கலையே" என்று என்னிடமே வந்து சொன்னார், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து. மாமியார் அதை இன்னும் அழகாகச் சொல்வாள்: "பெரியவ கை வேப்பங்கை, சின்னவ கை வெல்லக்கை." வந்தவர்கள் எல்லாரிடமும் சொல்வாள். அவர்களும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். அன்றைக்கு அவர் தட்டில் ரசம் உப்பில்லாமல் விழுந்தது.

சரி, வெல்லம்தானே என்று நானும் ஒரு துண்டு வெல்லத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். மூக்கை மட்டும் நீட்டி மோந்து பார்த்தது. பிறகு மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. முன்னொரு தடவை பூச்சி மருந்தை வெல்லத்தில் பொதித்துத்தான் அதற்குக் கொடுத்திருந்தேன். பூச்சி விழுந்து, உடம்பு தேறி, மயிரெல்லாம் பளபளவென்று வந்தது. அதை அது நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, வெல்லத்தை வைத்துக்கொண்டது. அதே வெல்லத்தை ஓர்ப்படி என்னிடமிருந்து வாங்கி நீட்டினாள். நாய் வெளியே வந்து, அவள் உள்ளங்கையை நக்கி நக்கித் தின்றது. "பாவம் அக்கா, அதுக்குத் தெரியாதில்ல" என்று எனக்குச் சமாதானம் வேறு சொன்னாள்.

இப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு, என்னைக் கண்டால் அது ஒளிகிறது என்று என்னிடமே சொன்னாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் இப்போதும் சொல்வேன், பலித்திருந்தால். "கூட்டிக்கிட்டுப் போ. வேணாங்கல. ஆனா அங்க காது யார் கழுவறது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"அப்போ இன்னைக்கு நீ கழுவு. நான் பாக்கறேன். சரியா செஞ்சுட்டா நாய் உன்னுது."

அவள் தயங்கினாள். அந்தத் தயக்கம் எனக்கு இனித்தது. ரஸ்க் கொடுத்த கை ஒரே ஒரு தடவை அந்தப் பஞ்சை எடுக்கட்டும், நாளைக்கு இவள் மெட்டிச் சத்தத்துக்கும் அது கட்டிலுக்கு அடியில் போகும். ரயிலேறுவதற்குள் என்னிடம் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கிண்ணத்தில் வெந்நீரும் பவுடரும் கலந்து நானே கொண்டுவந்து வைத்தேன். கிண்ணத்தைக் கண்டதும் நாய் என்னைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது, பிறகு அவள் மடிக்குள்ளேயே புகுந்து ஒளியப் பார்த்தது. அவள் ஒரு கையால் அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு, காது மடலை மேலே புரட்டிப் பஞ்சைப் பிழிந்தாள். நாய் கத்தின கத்தலில் மாமியார் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். அதன் பல் அவள் மணிக்கட்டில் பட்டது, கடிக்கவில்லை, பட்டது. தண்ணீர் அவள் முகமெல்லாம் தெறித்தது. என் உள்ளுக்குள் ஒரு மேளம் கொட்டியது.

ஆனால் அவள் பஞ்சைக் கீழே போடவில்லை. மாற்றி மாற்றி ஒற்றினாள். பழுப்பு போய்ப் பஞ்சு வெள்ளையாக வருகிறவரை ஒற்றினாள். ஒரு காது முடிந்ததும் மற்றதைப் புரட்டினாள். முடித்த பிறகு நாய் துள்ளிக் கீழே குதித்தது. இதோ, ஓடப்போகிறது என்று நான் கட்டிலைப் பார்த்தேன்.

"போய்த் தலைக்கு ஊத்திக்கடி" என்றாள் மாமியார்.

"நான் இன்னைக்கு அடுப்புகிட்ட போகலியே அத்தை. நாளைக்குத்தான் கெளம்பறோமே" என்றாள் அவள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. மருந்து வாடை அடிக்கிற கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

நாய் அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. உடம்பை உதறியது. கட்டில் வரைக்கும் போனது. பிறகு திரும்பி வந்து, சற்று முன் தன் காதுக்குள் விட்ட அதே விரல்களை மோந்து பார்த்துவிட்டு, அந்த மடியிலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. ரஸ்க் இல்லை, வெல்லம் இல்லை. ஒன்றுமே இல்லை.

எத்தனையோ நாள் நானும் அதே காதைக் கழுவியிருக்கிறேன். கழுவி முடித்தபின், பின்வாசல் படிக்கு வருமுன், அது அறையைச் சுற்றிவிட்டு எங்கே திரும்பி வந்தது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் கிணற்றடியில் இருப்பேன்.

"சரியா செஞ்சேனா அக்கா?" என்று கேட்டாள்.

நிலைப்படியில் மாமியார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து காதைத் தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது; நான் செய்வதைவிடச் சுத்தமாக. இருந்தாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மடிப்புல இன்னும் ஈரம் நிக்குது. இப்படி விட்டா ஒரே வாரத்துல சீழ் பிடிக்கும்" என்றேன்.

பஞ்சு தீர்ந்துபோயிருந்தது. அவள் சுற்றுமுற்றும் ஒரு தரம் பார்த்தாள். மத்தியானம் வழியனுப்பு விருந்துக்காகக் கட்டின கலியாணப் பட்டு அவள் உடம்பில்தான் இருந்தது. அதன் முந்தானையைத் திரி மாதிரி மெல்ல முறுக்கி, காதின் கடைசி மடிப்பு வரைக்கும் விட்டு, ஈரத்தை ஒற்றி எடுக்க ஆரம்பித்தாள்.