ஏழுமலை அண்ணன் பாதியில் விட்ட பவளக்கல்

இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னபோது வாய் திறக்காதவள் இப்போது எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டைக் கல் அறுப்பவர்கள் எழுத வேண்டிய சங்கத் தாள் இது. நான் ஏழுமலை அண்ணனிடம் கல் கொண்டுவந்தவள் மட்டுமே.

போன செவ்வாய்க்கிழமை காலை அவர் மனைவி தேவி அக்கா போன் செய்தார். "உங்க அண்ணன் பூட்டாரும்மா. நெஞ்சு வலிக்குதுன்னு குந்தினாரு, அவ்ளோதான்." அழுகைக்கு முன்னால் எனக்குக் கல்தான் நினைவுக்கு வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ராமநாதபுரம் கரையிலிருந்து எங்கள் ஆய்வகம் அனுமதி வாங்கிக் கொண்டுவந்த பழைய பவளக்கல், பாதி அறுபட்டு அவர் மிஷின் கவ்வியில் நிற்கிறது. மாதக் கடைசிக்குள் வாடகைப் பட்டறையைக் காலி செய்ய வேண்டுமாம். கவ்வியைத் தளர்த்தினால் கோணம் போய்விடும்.

மரத்தின் வளையம்போலப் பவளத்தில் ஆண்டுக்கொரு வரி. வளர்ந்த திசையிலேயே மெல்லிய பலகையாக அறுத்து, வரிவரியாகச் சுரண்டிச் சோதித்தால், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் எந்த வருடம் சூடானது, எந்த வருடம் குளிர்ந்தது என்று தெரியும். சாய்த்து அறுத்தால் ஒரு வருடத்துக்குள் இன்னொரு வருடம் கலந்துவிடும்.

முதல் கல்லை அவர் கெடுத்தார். கல்லறைப் பலகையும் சமையல் மேடையும் செய்து பழகிய கை. "ஓட்ட ஓட்டையா கீது, இத்தப் போயி யாருனா வாங்குவாங்களா? லப்பம் வச்சு அடைச்சு பாலிஷ் போட்டுக்கீறேன். மூஞ்சி தெரியுது பாரு!" என்றார். தெரிந்தது. வரிகளில் லப்பம் கலந்துவிட்டது, இனி அதில் எதையும் அளக்க முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். மறுநாள் தேவி அக்காவிடம்தான் சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, "யோவ், பளபளன்னு பண்ணி அந்தப் பொண்ணு படிப்பையே கலீஜ் பண்ணிட்டுக்கீற" என்றார்.

அதன்பின் அண்ணன் பாலிஷ் பக்கமே போகவில்லை. நான் அவசரப்படுத்தினால், "வருசத்துக்கு ஒரு விரக்கடை வளர்ற கல்லு. உனக்கு பஸ்ஸுக்கு டைமாச்சுன்னா நான் இன்னாம்மா பண்றது?" என்பார்.

அக்கா தண்ணீர் ஊற்றியபடி வரியைக் கவனிப்பார். "சாயுது" என்றால் அண்ணன் நிறுத்திவிடுவார். "மேஸ்திரி சொல்ட்டாங்கப்பா!" என்பார். இதற்கு முந்தைய இரண்டு கற்களுக்கு மிஷினை ஓட்டியதே அக்காதான். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார்.

ஆய்வகத்தில் கேட்டேன். வேறு கல் பார் என்றார்கள். இந்த வருடங்கள் வேறு கல்லில் இல்லை. வேறு பட்டறைக்கு அனுப்ப மூன்று கொட்டேஷன் வேண்டுமாம். இரங்கல் கூட்டம் முடிந்து உங்களிடம் கேட்டதற்கு, "எறக்கி வக்கிறோம், எத்துகினு போம்மா" என்றீர்கள். அக்கா ஓட்டுவார் என்று யாரோ சொன்னதற்கு, "பொம்பள ஓட்ற மிஷினா இது?" என்று ஒருவர் சிரித்தார். அக்கா அங்கேயே நின்றிருந்தார். நானும் நின்றிருந்தேன், வாயை மூடிக்கொண்டு. அதுதான் இன்னும் ஆறவில்லை.

சுவிட்சைப் போடுமுன் அண்ணன் கல்லை நனைத்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் இப்போது என் கையில் இருக்கிறது.

அன்று கேட்காததைக் கேட்கிறேன். அக்கா, துக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது தப்புதான். காரியம் முடிந்ததும் மீதிப் பாதியை நீங்களே அறுத்துத் தாருங்கள். சங்கத்து அண்ணன்மாரே, அக்கா வரும்வரை அந்தக் கவ்வியில் யாரும் கை வைக்காதீர்கள்.