விஜயதசமிக்குக் கொடுத்த முன்பணம்

போன மாதம் இறந்த என் அம்மா பாமா, ஜோகுபாளையத்தில் ரவிக்கை தைத்துப் பிழைத்தவர். 2001 மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது சுயேச்சையாக நின்றார். இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்றார். "அடுத்த தடவ அந்த இருநூறு பேரையும் நானே போய்ப் பாக்கறேன்" என்று மறுநாளே தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த தடவை நிற்க வேண்டுமானால், முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். தவறினால் தகுதி போய்விடும். அந்த ஆண்டு சோதனை முயற்சியாக, காகிதத்தோடு ஃபிளாப்பியும் கேட்டார்கள். கணக்கைப் பதியும் புரோகிராமை எழுதியது நான் வேலை பார்த்த சிறிய கம்பெனி. தேதியைச் சரிபார்க்கும் பகுதி என்னுடையது.

கடைசி நாள், மாலை நாலு மணி. தேர்தல் அலுவலகக் கணினியில் அம்மாவின் பதிவு மூன்றாம் வரியில் நின்றது. தேதி தவறு.

அது போஸ்டர் அச்சகத்துக்குக் கொடுத்த முன்பணம். அம்மா எதையும் நாள் பார்த்துத்தான் தொடங்குவார். ஆயுதபூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்தார். மறுநாள் விஜயதசமியன்று பணம் கொடுத்தார். வேட்புமனு போட்டது மூன்று நாள் கழித்து. மனுவுக்கு முன்னால் யாரும் செலவு செய்திருக்க மாட்டார்கள் என்று நானே முடிவு செய்து, அதற்கு முந்தைய தேதியை ஏற்காதபடி எழுதியிருந்தேன். யாரையும் கேட்கவில்லை.

"தேதிய மூணு நாள் தள்ளிப் போட்டுடலாம்மா. பில்லையும் மாத்தி வாங்கிக்கலாம்."

"ஏண்டி ரூபினி, பொய்க் கணக்கு எழுதவா உன்ன இன்ஜினியருக்குப் படிக்க வெச்சேன்? விஜயதசமிக்குத்தான் குடுத்தேன். நல்ல நாள்தான். தோத்துட்டேன், அது வேற."

எழுத்தர் சீனிவாசராகவன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஃபிளாப்பி இல்லாம சீட்டு தரப்படாதுன்னு மேல சொல்லியிருக்காம்மா. அஞ்சு மணிக்கு ரிஜிஸ்டரை மூடியாகணும்."

புரோகிராமைத் திருத்த கம்பெனிக்குப் போக வேண்டும். ஓல்ட் மெட்ராஸ் ரோடு நெரிசலில் போய்வர ஒன்றரை மணி நேரம். நான் தேதியை மாற்றத் தொடங்கினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை.

"சார், பேப்பர் சரியா இருக்கா இல்லையா?"

"பேப்பர் சரிதான்."

"அப்ப, பேப்பர வாங்க மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போயிடறேன்."

"என்னம்மா இது, என் தலைல கட்டறேளே!"

"பின்ன யார் தலைல கட்டறது? இவ தலைல கட்டினா தேதிய மாத்தறா."

எழுத்தர் எழுந்து அதிகாரியின் அறைக்குப் போனார். நாலு நாற்பது. நாலு ஐம்பது. அம்மாவின் பிடி தளரவில்லை.

நாலு ஐம்பத்தாறுக்குத் திரும்பி வந்தார். "சட்டப்படி பேப்பர்தான் கணக்காம். ஃபிளாப்பி அப்புறம் குடுத்தாப் போறும்." சீட்டில் முத்திரை குத்தினார்.

ஆட்டோவில் அம்மா கேட்டார்: "என்ன மாதிரி நாள் பாத்துச் செலவு பண்ணவங்கல்லாம் என்ன பண்ணியிருப்பாங்க?"

தெரியாது என்றேன்.

அடுத்த வாரம் ஃபிளாப்பிகள் தொகுப்பதற்காக எங்கள் கம்பெனிக்கு வந்தன. பதினான்கில் ஒன்பதில், முதல் செலவின் தேதி வேட்புமனு போட்ட அதே நாள். நான் வைத்த கட்டுப்பாட்டை அன்றே நீக்கினேன். அந்த ஒன்பதைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை.

ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் முடிந்தும் அடுத்த தேர்தல் இன்னும் அறிவிக்கப்படவில்லை. அம்மா நிற்கும் தகுதியோடுதான் போனார்.