ஒன்பதாம் பக்கத்துப் பெண்

முச்சந்தியில் சுற்றிப்போட்ட எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டால் செருப்பைக் கழுவிக்கொண்டு போகிறவள் நான். பேய், காற்று எதையும் நம்பியதில்லை. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கண் பரிசோதனைப் படிப்பு முடித்து நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் சேர்ந்த முதல் வருஷம், எண்பத்தொன்று. லைசென்ஸ் புதுப்பிக்க லாரி டிரைவர்கள் வருவார்கள். வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தை விரித்துக் காட்டுவேன், புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணை மூன்று விநாடிக்குள் சொல்லவேண்டும், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவருக்கு எண் தெரியாது, அவ்வளவுதான்.

அன்று காலை பதினோரு மணி, நல்ல வெயில். வந்தவர் எருமப்பட்டிக்காரர், ஐம்பது வயதிருக்கும். எட்டுப் பக்கம் தடுமாறாமல் சொன்னார். ஒன்பதாவதைத் திறந்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்ன தெரியுதுங்கண்ணா?"

"ஒரு பொம்பளயாளுங்க அம்மிணி. கைய நீட்டி வண்டிய நிறுத்தச் சொல்றா."

"வெளையாடாம நம்பர் சொல்லுங்க."

"வெளையாடற வயசுங்களா எனக்கு? உத்துப் பாத்தா வெறும் புள்ளிதானுங்க. நீங்க டப்புனு தொறக்கறப்பத்தான் நிக்கிறா. ரோட்டுலயும் இப்படித்தானுங்க, ஒரு மாசமா. லைட்டு பட்டு மறையறதுக்குள்ள."

ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தேன், சரி. அவர் கண்ணாடியைத் துடைத்தேன், பக்கத்தில் கறை இருக்கிறதா என்று தடவினேன், எல்லாம் சரி. கடைசியில் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வெடுக்கென்று திறந்து மூடினேன்.

முக்காடிட்ட ஒரு பெண். வலது கை தூக்கியிருந்தது, ஐந்து விரலும் தனித்தனியாக. மெதுவாகத் திறந்தால் நாற்பத்தைந்து என்ற எண் மட்டுமே.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் தெரியுதுதானுங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மிணி. இந்த லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

"இல்லைங்க" என்றேன். ஆமாம் என்றால் என் கண்ணுக்கும் கோளாறு என்றல்லவா ஆகும்? 'நிறம் பிரித்தறியவில்லை' என்று எழுதினேன். நான் எழுதினால் டாக்டர் மறுபடி பார்ப்பதில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் சண்டை போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வண்டிய நிறுத்திப்போட்டாளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சாயங்காலம் புத்தகத்தை அலமாரியில் வைக்குமுன் மனசு கேட்காமல் ஒன்பதாம் பக்கத்தை இன்னொரு முறை வெடுக்கென்று திறந்து மூடினேன். அந்தப் பழைய புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, இன்றைக்கும் அவ்வப்போது அப்படிச் செய்து பார்க்கிறேன். அதே இடத்தில்தான் நிற்கிறாள். கையை மட்டும் இறக்கிவிட்டாள்.